கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

எஸ்டிபிஎம், மெட்ரிக்குலேஷன் ரிசல்ட் வந்துவிட்டால் கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று நம் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: "பிள்ளைக்கு மெடிசின் கிடைக்குமா? எந்த காலேஜ்?" இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "அங்கே படிச்சா பிறகு ஸ்பெஷலிஸ்ட் ஆகலாமா?"

முன்யோசனையோடு கேட்கிறார்கள், நல்லதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. பதினைந்து வருஷம் கழித்துக் கிடைக்கலாம் என்ற ஒரு பெயருக்காக, இன்று ஒரு குடும்பம் எவ்வளவு பணயம் வைக்கலாம்?

முதலில் பாதையைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். ஸ்பெஷலிஸ்ட் பட்டத்தை முதல் மருத்துவக் கல்லூரி தருவதில்லை. ஐந்து வருஷப் படிப்பு, இரண்டு வருஷ ஹவுஸ்மன்ஷிப், பிறகு மெடிக்கல் ஆபீசர் வேலை. அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது. ஒன்று, மலாயா பல்கலைக்கழகம், யூகேஎம், யூஎஸ்எம் போன்றவை நடத்தும் நான்கு வருஷ மாஸ்டர்ஸ். மற்றொன்று, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டனின் எம்ஆர்சிபி போன்ற தேர்வுகளை எழுதும் 'பேரலல் பாத்வே'. எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிடும்.

அந்தக் காலத்திற்குள் விதிகளும் மாறுகின்றன. 2005-இல், நம் பிள்ளைகள் நிறையப் பேர் படித்துக்கொண்டிருந்த உக்ரேனின் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. பெற்றோர் பட்ட பாட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008-இல் ஒரு வருஷ ஹவுஸ்மன்ஷிப் இரண்டு வருஷமானது. 2016 டிசம்பரில் நிரந்தர வேலை போய் ஒப்பந்த வேலை வந்தது. மாஸ்டர்ஸுக்கு அரசாங்கம் தரும் உபகாரச் சம்பளம் ஆரம்பத்தில் ஒப்பந்த டாக்டர்களுக்குக் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 26-இல் அவர்கள் வெளிநடப்புச் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். பேரலல் பாத்வே பற்றிய சர்ச்சை முற்றி, 2024-இல் மருத்துவச் சட்டத்தையே நாடாளுமன்றம் திருத்த வேண்டியதாயிற்று.

2012-இல் கல்லூரிக்குப் போன பிள்ளை, 2016-லிருந்து வந்த இந்த மாற்றங்களில் எதை முன்கூட்டித் தெரிந்திருக்க முடியும்? "இங்கே படித்தால் ஸ்பெஷலிஸ்ட் ஆவது கியாரண்டி" என்று ஏஜெண்டு சொன்னால், தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் திட்டமே போடக்கூடாதா? பலனில் பற்று வைக்காதே என்று கீதை வகுப்பில் கேட்டிருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு குதி என்று அதற்கு அர்த்தம் இல்லை. நம் கையில் இருப்பதை ஒழுங்காகச் செய் என்பதுதான் அர்த்தம். நம் கையில் இருப்பவை மூன்று. மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலை நாமே பார்ப்பது முதலாவது. மூன்றாம் வருஷத்திலிருந்து எந்த ஆஸ்பத்திரி வார்டில் நிற்பீர்கள், ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்பார்கள் என்று அங்கே படிப்பவர்களிடமே விசாரிப்பது இரண்டாவது. கடாவில் உள்ள எய்ம்ஸ்ட் ஆனாலும், இந்தியாவுக்குப் போனாலும் இதே கேள்விதான். நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பழகிய கைக்குப் பின்னால் எந்த விதி மாறினாலும் மதிப்பு இருக்கும்.

மூன்றாவதுதான் கடினமானது: கடன். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. தனியாரில் மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். மூன்று லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க, வட்டி இல்லாமலேயே மாதம் 2,500 ரிங்கிட் வேண்டும். ஹவுஸ்மன் ஆன நாளிலிருந்து இந்தச் சுமை தோளில் இருந்தால் என்ன ஆகும்? ஆன்-கால் முடிந்து படிக்க வேண்டிய ராத்திரியில் லோக்கம் பார்க்கப் போவீர்கள். தேர்வுக்குப் பவுண்டில் கட்ட வேண்டிய பணம் தவணைக்குப் போய்விடும். ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டும் என்று வாங்கிய கடனே ஸ்பெஷலிஸ்ட் ஆக விடாது.

அந்தக் கடன் உங்களுடையது மட்டுமும் அல்ல. அப்பாவின் இபிஎஃப், தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய வீடு, அம்மாவின் நகை, இவற்றில் தங்கச்சிக்கும் பங்கு உண்டு. அவள் டிப்ளோமாவோடு நின்றுவிட்டால், "அண்ணன் டாக்டர்" என்ற பெருமை அதற்கு ஈடாகாது. அவளைக் கேட்காமல் முடிவெடுப்பது அநியாயம்.

தமிழில் கடன் என்றால் வாங்கிய பணம். கடமைக்கும் அதே சொல்தான். நம் தாத்தா காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பதே அபூர்வம், டிரெசர்தான் எல்லாம். இன்று கிளினிக் இருக்கிறது, ஆனாலும் சர்க்கரையால் கால் புண்ணான பாட்டியைப் பெரிய சிகிச்சைக்குச் சுங்கை பூலோவுக்கோ கிள்ளானுக்கோதான் கூட்டிப்போகிறோம். அரசாங்க கிளினிக்கிலேயே வேலை செய்யும் குடும்ப மருத்துவ நிபுணரும் ஸ்பெஷலிஸ்ட்தான். நம் வீட்டுப் பேச்சில் அந்தத் துறையின் பெயர் வருவதே இல்லை.

"பங்சாரில் பிறந்த பிள்ளையிடம் யாரும் இதைக் கேட்பதில்லை, தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தப் பாரம்?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊருக்குத் திரும்பி வா என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. கட்டாயத்தில் செய்வது சேவையும் ஆகாது. ஆனால் மனம் வந்து திரும்ப நினைக்கும் நாளில், தவணை கட்ட வேண்டுமே என்று வேறு பக்கம் ஓட வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது. பணக்கடன் குறைவாக இருந்தால்தான் மற்றக் கடனைச் சொந்த விருப்பத்தோடு செய்ய முடியும்.

ஆகவே தம்பி, தங்கைகளே, பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் இருக்கிறதா? படிப்பு முடியும்போது மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? இதனால் யாருடைய படிப்பாவது நிற்குமா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், ஒரு வருஷம் பொறுத்து மறுபடி விண்ணப்பிப்பதில் எந்த அவமானமும் இல்லை.