வாடிக்கையாளரின் பிடிவாதமும் நம் விரதமும்

நம் இளைஞர் சிலர் இன்று கோவை, திருப்பூர், ஈரோடு முதலிய ஊர்களில், எவரிடமும் ஊதியத்திற்கு அமராது, கணினி வரைகலையைத் தனித்தொழிலாக நடத்தி வருகின்றனர். பனியன் அட்டைப்பெட்டி, மஞ்சள்தூள் பை, கிரைண்டர் லேபிள் என அவர்கள் கைபடாத பொருள் இல்லை. அவர்கள் ஒரே குரலாகக் கூறும் குறை ஒன்று உண்டு: "வாடிக்கையாளர் தாம் பிடித்ததையே பிடித்து நிற்கிறார், நாம் சொல்வது அவர் காதில் ஏறுவதில்லை." இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களின் துணைகொண்டு இக்குறையை ஆராய்தல் தகும்.

பிடிவாதம் என்று நாம் பெயரிடுவதிற் பெரும்பகுதி, பிறருடைய நயத்தை நாம் காணாமையே ஆகும். மஞ்சள் வணிகர் ஒருவர், கடைப் பெயரினும் தொலைபேசி எண்ணைப் பெரிதாக இடுமாறு வற்புறுத்துகிறார் எனக் கொள்வோம். வரைகலைஞர்க்கு அது அழகுக் கேடு. வணிகர்க்கோ அடுத்த மூட்டைக்கு ஆர்டர் வரும் வழியே அதுதான். இருவர் கூற்றும் அவரவர் நோக்கில் மெய். அநேகாந்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. திரையிற் கண்ட அதே நிறம் பையிலும் வரவேண்டும் என்று நிற்போரும் உளர். திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளால் நிறம் காட்டுவது. அச்சு இயந்திரமோ பொதுவாக நான்கு மைகளால் நிறம் ஆக்குவது. ஆதலின் திரையின் நிறங்கள் சில தாளில் வாரா. ஒரு மாதிரித் தாள் அச்சிட்டுக் காட்டினால் வழக்கு முடிந்தது. அதற்குச் செலவிடத் தயங்கும் நம்மவர், வாதத்திற்கு ஒரு நாள் முழுவதையும் செலவிடுகின்றனர்!

வேறொரு பிடிவாதமும் உண்டு. "நன்றாக விற்கும் அந்தப் பையைப் போலவே செய்து கொடுங்கள், பெயரில் ஓரெழுத்து மாற்றினாற் போதும்" என்பது அது. வேற்றூர்ச் சரக்கின்மீது 'ஈரோடு மஞ்சள்' என்று பொறிக்கச் சொல்வதும் அவ்வகையதே. அப்பெயர் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வணிகக் குறியையோ புவிசார் குறியீட்டையோ போலியாக ஆக்குவோர்க்கு, 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்க 1999-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இடமளிக்கின்றன. இச்சட்டங்களுக்குப் பன்னூறாண்டுகள் முன்னரே, உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறினார். கொள்ளும்போது மிகுத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளத்தல் அவற்றுள் ஒன்று. அதனை அடுத்து வருவது பிரதிரூபக வியவகாரம், அஃதாவது போலிப்பொருள் வாணிகம். தராசில் கைவைப்பதும் லேபிளில் கைவைப்பதும் அவர் எண்ணிய வரிசையில் அண்டை வீட்டார். இங்கே வளைந்து கொடுத்தல் பணிவு ஆகாது.

"நாம் மறுத்தால் அடுத்த தெருவில் செய்து வாங்கிக்கொள்வார், நமக்கு வருமானம் போவதே மிச்சம்" என்பர். மெய்யே. நம் மறுப்பால் அந்தப் பை அச்சாகாமல் நின்றுவிடப் போவதில்லை. வாடகையும் மின்கட்டணமும் நமக்காகக் காத்திரா. தொழில் தொடங்கி ஓராண்டும் ஆகாத இளைஞனுக்கு இது சிறு இழப்பும் அன்று. வீட்டுப் பெரியவர்கள் அம்மாதம் அவனுக்குக் கைகொடுத்தல் வேண்டும். ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வாயில்களாலும் வினை வந்தடையும் என்பது ஆகமம். அப்பையைப் பொறுத்தவரை, அம்மூன்றில் எதிலும் நாம் நில்லாதிருத்தல் நம் கையில் உள்ளது.

மறுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முன்பணம் பெறுவதற்கு முன்பே சொல்லிவிடுதல் நன்று. பெற்றிருப்பின், பிடித்தம் இன்றித் திருப்புக. கடிந்துரை வேண்டா. அவர் கேட்டதைப் பிற அச்சகங்களிற் சொல்லித் திரிதலும் வேண்டா. பிறர் மறையை வெளிப்படுத்தலை அதே ஆசாரியர் வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் வைத்துள்ளார்.