எடைமேடையில் நிற்பவர் யார்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிவது லாரிச் சக்கரம் சுழல்வதால்தான். அங்கே ஆண்டுதோறும் எத்தனையோ இளைஞர்கள் கிளீனர்களாக வண்டி ஏறி, தூசியிலும் கிரீசிலும் தொழில் பழகி, ஒருநாள் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் ஏந்தி லாரி ஆபீசின் வாசலில் நிற்கின்றார்கள். 20 வயது நிறைந்து, இலகுரக வண்டி உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே சரக்கு லாரியில் பயிற்சி பெற 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடந்தருகிறது. அத்தனை காத்திருப்பும் அந்த வாசற்படியில் வந்து நிற்கிறது.

உள்ளே இருப்பவர் இளைஞரை எடைபோடுகிறார். உரிமத்தைப் புரட்டிப் பார்க்கிறார். யார் சொல்லி வந்தாய், குடிப்பழக்கம் உண்டா என்று வினவுகிறார். அது அவரது உரிமை. பல இலட்சம் மதிப்புள்ள வண்டியை யாரிடமும் ஒப்படைத்துவிட முடியுமா? ஆனால் அந்த இளைஞர் முதலாளியை எடைபோடலாமா? வேலை கேட்டு வந்தவர், வேலை தருபவரை ஆராய்வது முறையா? இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

‘சோறு போடுகிறவரைச் சோதிப்பது நன்றி கெட்ட செயல்’ என்பார் சிலர். ‘தேர்ந்தெடுக்கும் வசதி ஏழைக்கு ஏது?’ என்பார் வேறு சிலர். முதற்கூற்று கூலியைப் பிச்சையாக்குகிறது. உழைப்புக்கு ஈடாகப் பெறுவது எவ்வாறு பிச்சையாகும்? இரண்டாவது கூற்றோ மெய்யானது. மெய்யாக இருப்பதாலேயே நெஞ்சைச் சுடுகிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

புதிய ஓட்டுநர் முதலில் கேட்பது கூலி. மாதச் சம்பளமா, நடைக்கு இவ்வளவா, வாடகையில் ஒரு பங்கா என்பது கேட்கப்பட வேண்டியதே. எனினும் கூலியின் அளவைவிட அது கணக்கிடப்படும் முறையே ஓட்டுநரின் வாழ்வை ஆள்கிறது. நடைக்கு நடை கூலி என்றால், உறங்கும் ஒவ்வொரு மணியும் இழப்பாகிவிடுகிறது. விழித்திருக்கும்படி எவரும் கட்டளையிட வேண்டியதில்லை, கூலியே கட்டளையிடும்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. தேசிய உரிமம் பெற்ற லாரிகளில் இரு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் உடல் நீட்டிப் படுக்க, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்திற்கும் இடம் இருக்க வேண்டும் என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறின. இரு ஓட்டுநர் என்ற கட்டாயம் 2018இல் நீக்கப்பட்டது. சட்டம் கையை விலக்கிக்கொண்ட அந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பது முதலாளியின் மனச்சான்று ஒன்றுதான். ஆகவே, ‘வடநாட்டு நடைக்கு எத்தனை பேர் போகிறோம்?’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று.

பாரத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அளவுக்கு மீறிய பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, அக்குற்றம் உரிமையாளர் அறிந்தோ அவர் ஆணைப்படியோ நடந்தது என்று நீதிமன்றம் கொள்ளலாம் எனச் சட்டமே கூறுகிறது. சட்டத்திற்குத் தெரிந்த இவ்வுண்மை சில லாரி ஆபீசுகளுக்குத் தெரிவதில்லை. அபராதம் ஓட்டுநரின் கணக்கில் எழுதப்படுகிறது. முன்பணமும் அவ்வாறே. தங்கையின் திருமணத்திற்கு உதவியாக வந்த பணம், பிடிக்காத வேலையை விட்டு விலக முடியாத விலங்காகிவிடுவதுண்டு. இவற்றையெல்லாம் முதலாளியிடம் கேட்பதைவிட, நடை முடித்துத் திரும்பும் ஓட்டுநர்களிடம் தேநீர்க் கடையில் கேட்டால் தெளிவு பிறக்கும். தேய்ந்த டயர்களும் ஓரளவு உண்மை பேசும்.

முதலாளியின் பக்கமும் நியாயம் உண்டு. அவரும் பல வேளைகளில் நேற்றைய ஓட்டுநரே. மாதத் தவணை, டீசல் விலை, சுங்கம், திரும்பும் நடைக்குக் காத்துக் கிடக்கும் நாள்கள் என அவரையும் பலர் நெருக்குகின்றனர். ஆனால் தம்மேல் ஏறிய சுமையைத் தமக்குக் கீழுள்ளவரின் கண்ணிமைகளின்மேல் இறக்கி வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

இனி, முன்பு ஒத்திவைத்த கூற்றுக்கு வருவோம். தேர்ந்தெடுக்க வழியில்லாதவர் ஒப்புக்கொண்டதாலேயே ஓர் ஒப்பந்தம் நேர்மையாகிவிடுமா? திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் விடுத்த ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், ஒப்பந்தத்திற்கும் முந்திய ஓர் இயற்கை நீதி உண்டு என்றது. தேவையின் நெருக்கடியால் ஒருவர் ஏற்கும் கூலி, ஏற்றுக்கொண்டார் என்பதனால் மட்டும் நீதியாகாது என்று காட்டியது. கூலிக்குப் பொருந்துவது உறக்கத்திற்குப் பொருந்தாதோ?

உறக்கம் ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் காண்கிறோம். எதிரே வரும் பேருந்தில் உறங்கும் குழந்தைக்கும் அதில் பங்குண்டு. திருப்பீடம் 2007இல் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டி, ஓட்டுவோர்க்கெனப் பத்துக் கட்டளைகளை வகுத்தபோது, கொலை செய்யாதிருப்பதையே முதலில் வைத்தது. அக்கட்டளை சாலையில் தொடங்குவதில்லை. ‘நாளை மறுநாள் விடியலுக்குள் சரக்கு இறங்கியாக வேண்டும்’ என்று நேரம் குறிக்கப்படும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. சரக்கு இன்னும் விரைவாக வரவேண்டும் என எதிர்பார்க்கும் நாமும் அந்த மேசையருகே அமர்ந்திருக்கிறோம்.

ஆகவே, வண்டியேறும் இளைஞர்க்கும், அவரை அனுப்பிவைக்கும் பெற்றோர்க்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. கூலி பேசி முடித்தபின், எழுந்து வருமுன், பணிவோடு ஒன்றைக் கேளுங்கள்: “ராத்திரி கண்ணு சொக்கினா வண்டிய ஓரங்கட்டிட்டுத் தூங்கலாங்களா, அண்ணா?” மறுமொழியைவிட அது வரும் வேகத்தைக் கவனியுங்கள். தயங்காமல் ‘தூங்கிட்டு வா தம்பி’ என்பவர் கூலியில் சிறிது குறைத்தாலும் நல்லவர். சிரித்து மழுப்புபவர் உங்கள் கைகளோடு மனச்சான்றையும் வாடகைக்குக் கேட்கிறார். வேறு வழியின்றி அவரிடமே சேர நேர்ந்தாலும், ‘இனி ஓட்ட மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையை மட்டும் எந்த முன்பணத்திற்கும் அடகு வைத்துவிடாதீர்கள். வேறிடம் தேடுவதையும் நிறுத்தாதீர்கள்.

இவ்வாறு ஓர் இளைஞர் கேட்டுவிட்டு வேலையின்றி வீடு திரும்பும் நாளும் வரலாம். அன்று அவரைப் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்று நாம் சொல்லாதிருப்போமா?