செயற்கைப் பெப்டைடும் சிராவகர் அறமும்

நரையும் திரையும் மூப்பும் உடலெடுத்தோர் அனைவர்க்கும் உரியவை. நாலடியார் பாடிய முனிவர்கள் இளமை நிலையாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தனர். அம்மூப்பை உயிரணுவிலேயே தடுத்து நிறுத்த இயலுமா என்று ஆய்வுக்கூடங்கள் இன்று ஆராய்கின்றன. அவ்வாராய்ச்சியில் பயன்படும் பொருள்களுள் செயற்கைப் பெப்டைடும் ஒன்று. "விலங்கின் உடலிலிருந்து எடுக்கப்படாத பொருளாயிற்றே, இதில் என்ன குற்றம்?" என்ற வினா நம்மவரிடையே எழுதல் இயல்பு. அதனை இங்குச் சிந்திப்போம்.

அமினோ அமிலங்கள் சில கோக்கப்பட்ட குறுஞ்சங்கிலியே பெப்டைடு. நம் உடலின் ஹார்மோன்கள் பல இவ்வகையின. முன்னர் இவற்றைப் பெறுவதற்கு விலங்குகளையே நாடினர். மூளையின் அடிப்பகுதியில் சுரக்கும், மூன்றே அமினோ அமிலங்களாலான ஒரு பெப்டைடைப் பிரித்தெடுக்க, 1960களில் அமெரிக்காவில் ஆடுகள், பன்றிகள் ஆகியவற்றின் மூளைத் துணுக்குகள் இலட்சக்கணக்கில் அரைக்கப்பட்டன. கிடைத்ததோ சில மில்லிகிராம்! 1963ஆம் ஆண்டில் புரூஸ் மெரிஃபீல்டு என்னும் வேதியியல் அறிஞர், நுண்ணிய பிசின் மணிகளின்மேல் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் முறையை வெளியிட்டார். அதற்காக 1984இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று வேண்டிய சங்கிலியை இயந்திரமே கோத்துத் தருகிறது. எண்ணற்ற உயிர்களைக் காத்த இம்மாற்றத்தைக் கொல்லாமை நெறியினர் மனமாரப் போற்றுதல் வேண்டும்.

ஆயினும், செய்பொருள் தூயதாயின் அதனைப் பயன்படுத்தும் வழியும் தூயதாகிவிடுமா?

மனித உயிரணு ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுகிறது என்பதை 1961இல் லியோனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்னும் இருவர் கண்டனர். ஓய்ந்த அணுக்களுள் சில மடியாமல் தங்கி, அழற்சி தரும் பொருள்களை அண்டை அணுக்களின்மேல் கசியவிடுகின்றன. 2017இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வாளர்கள், இவ்வணுக்களை மட்டும் மடியச் செய்யும் ஒரு செயற்கைப் பெப்டைடை அறிவித்தனர். ஃபாக்ஸோ4-டிஆர்ஐ என்பது அதன் பெயர். மூப்புற்ற சுண்டெலிகளுக்கு அதனைச் செலுத்தியபோது சிறுநீரகத்தின் செயல் மேம்பட்டது. மனிதர்க்குரிய மருந்தாக அது ஒப்புதல் பெறவில்லை.

இங்கே இரண்டு செய்திகளை நாம் உற்றுநோக்க வேண்டும். ஆய்வுத்தட்டில் வளரும் அணுக்களுக்கு ஊட்டமாகப் பெரிதும் பயன்படுவது கன்றுக்கருவின் குருதிச் சீரம். சினைப்பசு வெட்டப்படும்போது அதன் வயிற்றிலுள்ள கன்றின் இதயத்திலிருந்து அக்குருதி எடுக்கப்படுகிறது. அடுத்து, சோதனைக்குட்பட்ட சுண்டெலிகள் அவற்றின் உறுப்புகளை ஆராயும்பொருட்டுப் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. பெப்டைடில் குருதி இல்லை. அதனைச் சோதிக்கும் தட்டில் இருக்கிறது.

"உழவன் ஏரில் புழுக்கள் மடிகின்றன. அதனைத் தொழில்வழி இம்சை என்று பொறுத்துக்கொள்ளும் நீங்கள், நோய் தீர்க்கும் ஆராய்ச்சியை மட்டும் குறை கூறலாமா?" எனச் சிலர் கேட்பர். நேர்மையான கேள்வியே. நம் சமூகத்தில் உழவர் பலர் உளர். மண்ணுயிர் மடிவதை அவர்கள் அறிவர். எனினும் உழவன் புழுவின் சாவை நாடி ஏர் பூட்டுவதில்லை; புழு பிழைத்தால் அவன் பயிருக்கு இழப்பும் இல்லை. ஆய்வுக்கூடத்திலோ ஐயறிவுடைய எலியின் சாவு முன்னரே நாள் குறித்துத் திட்டமிடப்படுகிறது. எண்ணித் துணிந்து செய்வதைச் சங்கல்ப இம்சை என்பர் நம் ஆசாரியர்கள். அதற்குத் தொழில் என்று வேறு பெயரிட்டால் அதன் தன்மை மாறாது.

மேலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே நம் அறநூல்கள் எண்ணுகின்றன. பொருளை விரும்பி வாங்குவோன் மூன்றாவதிலிருந்து தப்புவதில்லை.

எனினும், உயிர் காக்கும் மருந்தை உண்ணும் நோயாளியை நாம் பழிக்கத் துணியோம். அவர் துன்பமும் துன்பமே. அதனைத் தணித்தலும் கருணையே. நாம் வேறுபடுத்திக் காட்டுவது நோய் நீக்கும் தேவையையும் இளமை நீட்டிக்கும் ஆசையையும். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டிய பெப்டைடுத் தூள்களை வாங்கித் தம் உடலில் ஏற்றிக்கொள்வோர் இன்று உளர். ஆசைக்கு எல்லை இல்லை. அதற்கு ஈடாகும் எலிகளுக்கும் எல்லை இராது. உடம்பின்மேல் கொள்ளும் இப்பற்றும் பரிக்கிரகமே.

நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் மருந்தியலும் உயிர்வேதியியலும் பயில்கின்றனர். அவர்கள் அத்துறையை விட்டு ஓட வேண்டுவதில்லை. சீரம் கலவா வளர்ப்பூடகங்கள் உள்ளன. 2022இல் அமெரிக்கச் சட்டமும், 2023இல் திருத்தப்பெற்ற இந்திய மருந்து விதிகளும் விலங்கல்லாத சோதனை முறைகளுக்கு இடமளித்துள்ளன. "இச்சோதனைக்கு மாற்றுவழி உண்டா?" என்று ஆய்வுக்கூடத்தில் கேட்கும் ஒரு குரல் நம் பிள்ளையின் குரலாக இருக்கட்டும். பெரியோராகிய நாமோ, ஒரு மருந்தை வாங்குமுன், நம்மை வாங்கத் தூண்டுவது நோயா, மூப்பின்மேல் கொண்ட அச்சமா என்று நெஞ்சைக் கேட்டுத் தெளிவோமாக.