இட்லிக்குள் ஒரு பொய்

உங்களை ஒரு கேள்வி கேட்கட்டுமா? நாய்க்கு மாத்திரை கொடுத்த அனுபவம் உண்டா?

இல்லையென்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர். உண்டென்றால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிக்காக மேலே படியுங்கள்.

எங்கள் வீட்டு மணி உசத்தி ரகமெல்லாம் இல்லை. தெருவில் பிறந்து, ஒரு மழை நாளில் எங்கள் வாசலில் ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்டவன். ('தங்கிவிட்டது' என்று எழுதினால் என் மகள் சண்டைக்கு வருவாள்!) போன வருஷம் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் மூலையிலேயே சுருண்டு கிடந்தான். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உண்ணிக் காய்ச்சல்" என்றார்.

உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்றொரு பாக்டீரியா உள்ளே போகிறது. அது போய்க் குடியேறும் இடம் எது தெரியுமா? உடம்பைக் காவல் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே! ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். கவனிக்காமல் விட்டால் மூக்கில் ரத்தம் வரும்; உயிரே போகலாம். நல்லவேளை, மருந்து இருக்கிறது. டாக்சிசைக்ளின். 28 நாள். "ரெண்டு நாள்ல தெம்பா எழுந்து ஓடுவான். சரியாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்திடாதீங்க சார்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

எனக்குப் புரிந்துவிட்டது. மணிக்கு யார் புரியவைப்பது?

முதல் நாள் மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலந்து வைத்தேன். மணி மோந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். போய்ப் படுத்துவிட்டான். அந்த மருந்து அப்படியொரு கசப்பு. முழுசாக விழுங்கினால் தெரியாது. பொடி செய்தால் கிண்ணம் முழுக்கக் கசக்கும். போதாததற்கு, பாலில் இருக்கும் கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்குமாம். பின்னால்தான் தெரிந்தது. ஆக, என் தந்திரம் பலித்திருந்தால்கூட மருந்து ஒழுங்காகப் பலித்திருக்காது!

இரண்டாம் நாள் இட்லி. நடுவில் குழி பறித்து, மாத்திரையைப் புதைத்து, மேலே நெய் தடவிக் கொடுத்தேன். ஒரே வாய்! வீட்டில் எல்லோரும் கைதட்டினோம். மூன்றாம் நாளும் வெற்றி. நான்காம் நாள் இட்லி முழுசும் காலி. மாத்திரை மட்டும் கழுவி வைத்த மாதிரித் தரையில் கிடந்தது. ஐந்தாம் நாள் கோழித்துண்டுக்குள் வைத்தேன். பல்லில் பட்டு உடைந்திருக்க வேண்டும். நுரையும் எச்சிலுமாக எல்லாவற்றையும் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான் பாருங்கள், ஒரு பார்வை!

ஆறாம் நாள்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாத்திரையே இல்லாத வெறும் இட்லியை நீட்டினேன். மணி தொடவில்லை. சோறு வைத்தேன். தொடவில்லை. என் மனைவி வைத்தாள். மோந்துவிட்டு விலகிப் போனான். நேற்று வரை நோயால் சாப்பிடாமல் கிடந்தவன், இன்று எங்கள் கைக்குப் பயந்து பட்டினி கிடக்கிறான்.

"என்னங்க, இனிமே நம்ம கையால எதுவுமே சாப்பிட மாட்டானா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மணியைத் தூக்கிக்கொண்டு மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் சிரித்தார். "முதல்ல மருந்தையும் சாப்பாட்டையும் பிரிச்சு வையுங்க சார். சாப்பாடு சாப்பாடா இருக்கட்டும். மருந்து மருந்தா இருக்கட்டும்."

மாத்திரையை மணியின் மூக்குக்கு நேரே காட்டினார். ஒரு கையால் மேல்தாடையைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் பிடித்துத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார். இன்னொரு கை விரலால் கீழ்த்தாடையை இறக்கி, நாக்கின் பின்பக்கம் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையை நீவிவிட்டார். மணி நாக்கை வெளியே விட்டு மூக்கை நக்கிக்கொண்டான். "முழுங்கியாச்சு!" உடனே ஒரு கவளம் சாதம். இல்லாவிட்டால் இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடுமாம். அந்தச் சாதத்தை மணி சாப்பிட்டான். முன்பின் தெரியாத டாக்டரம்மா கையிலிருந்து! (கடிக்கிற சுபாவமுள்ள நாயிடம் இதைச் செய்து பார்க்காதீர்கள். டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.)

"பாவம், பலவந்தம் மாதிரி இருக்கே மேடம்?" என்றேன்.

"பலவந்தம்தான் சார். ஆனா என்ன நடக்குதுன்னு அவனுக்குத் தெரியுது. எப்ப முடிஞ்சுதுன்னும் தெரியுது. ஏன்னுதான் நம்மால சொல்ல முடியாது. 'ஏன்'னு சொல்ல முடியலைங்கறதுக்காக, 'என்ன'ங்கறதையும் சேர்த்து மறைக்கணுமா?"

அந்தக் கேள்வி மணியைப் பற்றியது மட்டுமில்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு உறைத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். மாத்திரையைக் காட்டுவோம், கொடுப்போம், சாதம் தருவோம், தட்டிக் கொடுப்போம். முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தான். நான்காம் நாள் தட்டில் வைத்த சோற்றை மோந்து பார்க்காமலே சாப்பிட ஆரம்பித்தான். அப்புறம் ஒரு நாள் மாத்திரை அட்டையின் சத்தம் கேட்டதும், காதை மடக்கிக்கொண்டு, வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தானே வந்து என் முன்னால் உட்கார்ந்தான். பிடித்து வரவில்லை. ஆனால் வந்தான்.

ஏமாற்றுவது மென்மை, பலவந்தம் முரட்டுத்தனம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மணி விஷயத்தில் அது தலைகீழாகிப் போனது. பலவந்தம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஏமாற்றோ, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இட்லிக்குள்ளும் இருந்தது!

நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா? வள்ளுவரைக் கேட்டால், வாய்மை அதிகாரத்திலேயே, 292-வது குறளில் அனுமதி தருகிறார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கதாம். ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் இதற்கு நேர் எதிர். கொலைகாரன் ஒருவன் உங்கள் நண்பனைத் துரத்திக்கொண்டு வந்து, "உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் ஒரு கட்டுரையே எழுதினார்.

நான் வள்ளுவர் கட்சிதான். ஆனால் அவர் சும்மா 'நன்மை' என்று விட்டுவிடவில்லை. 'குற்றமில்லாத' என்று ஒரு பூட்டும் போட்டிருக்கிறார். நாம் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு அனுமதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். யாருக்கு நன்மை என்பதையும் நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

இப்போது அந்த இன்னொரு விஷயம். என் அப்பா.

பல வருஷங்களுக்கு முன், அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்" என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்தோம். 'எல்லோரும்' என்றால் அப்பாவைத் தவிர எல்லோரும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாநாடு நடந்திருக்கலாம். நம் ஊரில் நோயாளிக்குக் கடைசியாகத் தெரிய வேண்டிய விஷயம் அவருடைய நோய்தானே!

டாக்டர் எழுதிக் கொடுத்தது கேப்சிடபின் மாத்திரை. நான் அதை அட்டையிலிருந்து பிரித்தெடுத்து, பழைய வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தேன். "சத்து மாத்திரைப்பா" என்று கொடுத்தேன். 14 நாள் சாப்பிட வேண்டும், 7 நாள் நிறுத்த வேண்டும். எந்தச் சத்து மாத்திரைக்கு இப்படிக் கணக்கு உண்டு? இரண்டாவது சுற்றில் அப்பாவின் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. அந்த மருந்தின் பக்கவிளைவு அது.

ஒரு நாள் கையை விரித்துக் காட்டி, "ஏன்டா, சத்து மாத்திரைக்கு உள்ளங்கை உரியுமா?" என்று கேட்டார்.

"வெயில் அதிகம்ப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா எதையும் கேட்கவில்லை. கொடுத்ததை விழுங்கினார். நாங்கள் அடுக்களையில் தணிந்த குரலில் பேசினால் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். எங்களுக்குள் கிரிக்கெட்டும் காய்கறி விலையும் மட்டுமே பேச்சு என்றாகி, எட்டு மாசத்தில் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா சொன்னாள்: "அவருக்கு எல்லாம் தெரியும்டா. நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு தெரியாத மாதிரி இருந்தார். தம்பியை ஒரு தடவை பார்க்கணும்னு அவருக்கு ஆசை. கூப்பிட்டா நீங்க ஏன்னு கேப்பீங்களேன்னு விட்டுட்டார்."

சித்தப்பாவோடு அப்பா பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

மணிக்கு 'ஏன்' என்று சொல்ல முடியாது. அவனிடமே 'என்ன' என்பதை மறைத்தது தப்பாகப் போயிற்று. அப்பாவிடம் 'ஏன்', 'என்ன' இரண்டையும் சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷம் எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்த மனிதர். அவரை, சொன்னாலும் புரியாத ஜீவன் மாதிரி நடத்தினேன். அவர் தாங்க மாட்டார் என்று நான் சொன்னது பொய். அவரிடம் சொல்வதை, சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்ப்பதை, நான்தான் தாங்கியிருக்க மாட்டேன். வள்ளுவரின் பூட்டு மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அந்த நன்மை அப்பாவுக்கு இல்லை, எனக்கு!

அதற்காக, மறைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா நாயும் மணி அல்ல. முதலில் ஒரு வெறும் துண்டு, அடுத்ததில் மாத்திரை, அது உள்ளே போவதற்குள் மூன்றாவதாக இன்னொரு வெறும் துண்டு என்று கொடுத்தால், யோசிக்காமல் விழுங்கிவிட்டு வாலாட்டுகிற நாய்கள் நிறைய. அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. மறதிநோய் முற்றி, மருந்தை விஷம் என்று நினைத்துத் துப்புகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம்.

இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களில் இதற்கென்றே முறை வைத்திருக்கிறார்கள். முடிவெடுக்கும் திறன் அவருக்கு உண்மையிலேயே இல்லையா என்று முதலில் சோதிக்க வேண்டும். டாக்டர், பராமரிப்பவர்கள், குடும்பத்தார் கூடிப் பேசி, இது அவருடைய நலனுக்குத்தானா என்று முடிவு செய்ய வேண்டும். மாத்திரையைப் பொடி செய்தால் மருந்தின் வேலை கெடுமா என்று மருந்தாளுநரைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிவைத்து, அவ்வப்போது மறுபடி யோசிக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது இதுதான்: மறைத்துக் கொடுக்கலாம்; ஆனால் மறைத்துக் கொடுப்பதை மறைக்கக் கூடாது!

நாம் செய்வது அப்படியா? ஒரு நிமிஷத்தில் முடிவெடுத்து, டப்பாவை மாற்றிவிடுகிறோம்.

அடுத்த முறை யாருக்காவது இட்லிக்குள் எதையாவது வைத்துக் கொடுக்கக் கை போகும்போது, மாத்திரையோ, மோசமான செய்தியோ, எதுவானாலும் சரி, ஒரு நிமிஷம் நிறுத்தி யோசியுங்கள். இவருக்குச் சொன்னால் புரியாதா? அல்லது சொல்வதற்கு எனக்குத் தைரியம் இல்லையா?

என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, மாத்திரையை அட்டையோட என் கையில கொடுத்துடும்மா. பேரைப் படிச்சுட்டு முழுங்கிக்கறேன்."

மணி 28 நாளையும் முடித்துவிட்டான். மறுபடி ரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள் ஏறியிருந்தன. இப்போது நன்றாக ஓடுகிறான், குரைக்கிறான். யார் இட்லி கொடுத்தாலும் ஒரே வாயில் விழுங்குகிறான்.

நான் கொடுத்தால் மட்டும், ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு.