அடிமை வீட்டு அரசர்

பிரெஞ்சு ஓவியர் ழான் பாப்டிஸ்ட் தெப்ரே 1816-இல் பிரேசிலுக்குப் போனார். ரியோ டி ஜெனீரோவில் பதினைந்து ஆண்டுகள் இருந்து, அரச குடும்பத்தையும் வரைந்தார், தெருவையும் வரைந்தார். ஊர் திரும்பியபின் அந்தப் படங்களைக் கல்லச்சில் ஏற்றி, 1834 முதல் 1839 வரை மூன்று தொகுதிகளாகப் பாரிஸில் வெளியிட்டார். மூன்றாம் தொகுதியில் ஒரு சவ ஊர்வலம் வருகிறது. இறந்தவர், கறுப்பின அரசர் ஒருவரின் மகன்.

அடிமைகள் விலைபோன ஊரில் ஏது கறுப்பின அரசர்? ஆப்பிரிக்காவில் அரச குலத்தில் பிறந்து, பிடிபட்டு, கப்பலேறி வந்து விற்கப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். எஜமான் வீட்டில் அப்படிப்பட்டவர் ஏவல் ஆள். தம் மக்கள் நடுவில் அவர் அரசர்; அவர் கையை முத்தமிட்டு ஆசி கேட்டார்கள்.

படத்தைப் பாருங்கள். ஊர்வலத்தின் முன்னே ஒருவர் வாணம் விடுகிறார். அடுத்துச் சிலர் குட்டிக்கரணம் போடுகிறார்கள். பின்னால், துணி போர்த்திய தூளியில் உடல் வருகிறது. கூட்டம் லாம்பதோசா மாதா கோயிலுக்குப் போகிறது. உள்ளே அடக்கம் நடக்கும்போது வெளியே மேளமும் கைத்தட்டலும் ஓயாது.

இதெல்லாம் யார் செலவில்? அந்நகரத்துக் கறுப்பினக் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று ஜெபமாலை மாதா சபை போன்ற சபைகள் வைத்திருந்தார்கள். கூலியில் மிச்சம் பிடித்த காசும் கோயில் வாசலில் திரட்டிய காணிக்கையும் சபைப் பெட்டியில் சேரும். உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவு சபையுடையது. சில நேரம் ஒருவரை அடிமைத்தனத்திலிருந்து மீட்கும் விலையும் அதிலிருந்தே போனது. திருவிழாவுக்குத் தங்களுக்குள் ஓர் அரசரையும் அரசியையும் தேர்ந்தெடுத்து முடிசூட்டும் வழக்கமும் சபைகளில் இருந்தது.

அந்நாட்டுச் சட்டத்துக்கு அடிமைகள் வாங்கி விற்கும் உடைமை. பிரேசில் அடிமைமுறையை ஒழித்தது 1888-இல்தான். அதுவரை அந்த மக்கள் மரியாதைக்காகக் காத்திருக்கவில்லை. அரண்மனை தராததை ஒருவருக்கொருவர் தந்துகொண்டார்கள்.

ஒருவருக்கு மதிப்புத் தர நமக்குப் பதவி வேண்டாம், யார் உத்தரவும் வேண்டாம். உங்கள் தெருவில், அலுவலகத்தில், எல்லோரும் 'ஏய்' என்று கூப்பிடும் ஒருவர் இருப்பார். இன்று அவரை 'வாங்க, உட்காருங்க' என்று சொல்லுங்கள்.