பறக்கும் துடைப்பமும் என் பழைய புல்லட்டும்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். திருவொற்றியூரிலிருந்து வருகிற ஒரு சகோதரி மட்டும் போகாமல் நின்றார்கள். முந்தானைக்குள் ஒரு நோட்டு. ஒன்பதாவது படிக்கிற மகனுடைய கணக்கு நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். நிம்பஸ் 2000, நிம்பஸ் 2001, கிளீன்ஸ்வீப், காமெட், ஷூட்டிங் ஸ்டார், ஃபயர்போல்ட் என்று வரிசையாக எழுதியிருந்தது.

"பாஸ்டர், இதெல்லாம் பிசாசு பேரா? ராத்திரி எல்லாம் இதையே சொல்லினு இருக்கான். சூனியக்காரங்க புஸ்தகம் ஒண்ண யார்கிட்டயோ வாங்கி வந்து படிக்கிறான். நோட்டையும் அதையும் சேர்த்து எரிச்சிடவா?"

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயய்ய, பேய் பேரு இல்ல பாஸ்டர். ஹாரி பாட்டர் கதைல பசங்க ஏறிப் பறக்கிற தொடப்பம். ஒவ்வொண்ணும் ஒரு மாடல்" என்றான். பதில் சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினான். அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டியல். புல்லட், கிளாசிக், மீட்டியோர், ஹிமாலயன். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, முன்பணம், மாதத் தவணை. பதினாலு வயதுப் பிள்ளை! "இது என்னம்மா?" என்றேன். "அது வண்டிப் பேருதானே பாஸ்டர், பையனுங்க எழுதுவானுங்க" என்று அந்தச் சகோதரி சாதாரணமாகச் சொன்னார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் பக்கத்தைக் கண்டு அந்தத் தாய் பயந்தார்கள். எனக்கோ இரண்டாம் பக்கத்தைக் கண்டுதான் நெஞ்சு நடுங்கியது. ஏன் என்று சொல்லுகிறேன்.

முதலில் எரிக்கிற காரியம். எபேசு பட்டணத்தில் மாயவித்தைப் புத்தகங்கள் எரிக்கப்பட்டது நமக்குத் தெரியும். அவைகளின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாயவித்தை செய்துவந்தவர்கள் மனந்திரும்பி, தங்கள் சொந்தப் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். யாரும் அடுத்த வீட்டுப் பையனுடைய கணக்கு நோட்டைப் பிடுங்கி எரிக்கவில்லை. குறி கேட்பதும் சூனியம் செய்வதும் நமக்கு விலக்கப்பட்டவை. உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் அதைத் தெளிவாகவே வாசிக்கிறோம். அதில் நான் ஒரு இம்மியும் விலகவில்லை. ஆனால் கதையில் வருகிற துடைப்பத்தை ஒருவரும் ஏறிப் பார்த்ததில்லை. அதனால் ஒருவருக்கும் கால் முறிந்ததில்லை.

துடைப்பத்தின் சரித்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்கள் துடைப்பத்தில் பறப்பதாக வரையப்பட்ட மிகப் பழைய படங்களில் ஒன்று, 1451-ஆம் வருஷத்துப் பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு அங்கே எழுதியிருக்கிற பேர் வால்டென்சியர். அவர்கள் யார்? வேதத்தைத் தங்கள் தாய்மொழியில் வாசிக்க வேண்டும், பட்டம் பெறாத சாதாரண ஜனமும் பிரசங்கிக்கலாம் என்று சொன்னதற்காகத் துரத்தப்பட்ட கூட்டத்தார். பிரியமானவர்களே, அவர்கள் நம்மைப் போன்றவர்கள்! அவர்களைத்தான் துடைப்பத்தில் ஏற்றினார்கள். பிற்பாடு ஐரோப்பாவில் சுமார் 300 வருஷங்களில் சூனியக்காரர் என்று பழி சுமத்திக் கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 40,000 முதல் 60,000 பேர் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். துடைப்பம் ஒருவரையும் கொல்லவில்லை, பழி சொன்ன வாய்தான் கொன்றது. ஆகவே 'பிசாசு' என்கிற வார்த்தையை வாயில் எடுக்கும்போது நாம் நூறு தடவை யோசிக்க வேண்டும்.

சரி, பேர்களுக்கு வருவோம். ஜே. கே. ரோலிங் என்கிற அம்மையார் 1997 முதல் 2007 வரை எழுதிய ஏழு புத்தகங்கள் அவை. துடைப்பம் என்றால் நமக்கு வாசல் பெருக்குகிறது. பேர் வைத்தவுடனே அது வேறு ஒன்றாகிவிடுகிறது. நிம்பஸ் என்றால் லத்தீனில் மழைமேகம். ஃபயர்போல்ட் என்றால் அக்கினி அம்பு. பத்து விநாடியில் 150 மைல் வேகம் பிடிக்குமாம். விலை என்ன என்று கடையில் எழுதிக்கூட வைக்கமாட்டார்களாம், கேட்டால்தான் சொல்லுவார்களாம். கிளீன்ஸ்வீப் 1926-ல் வந்தது, நிம்பஸ் கம்பெனி 1967-ல் தொடங்கியது என்று கற்பனைக் கம்பெனிக்கும் வருஷக் கணக்கு உண்டு! ஒரு பணக்கார அப்பன் தன் மகனுடைய அணி முழுவதற்கும் நிம்பஸ் 2001 வாங்கிக் கொடுக்கிறான். ஏழை வீட்டுப் பையன் ஒருவனிடம் பழைய ஷூட்டிங் ஸ்டார். பட்டாம்பூச்சிகூட அதை முந்திப் போய்விடும். 'எரி நட்சத்திரம்' என்று பேர் வைத்த வண்டி பட்டாம்பூச்சிக்குத் தோற்கிறது. அந்தப் பையன் படுகிற வெட்கம் இருக்கிறதே, அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அது நம்முடைய தெருவில் தினந்தோறும் நடக்கிறது.

நம் ஊருக்கு இது புதிதா? 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தது. என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனி அந்தப் பேரை எடுத்துக்கொண்டது. வண்டிக்குப் 'புல்லட்', அதாவது துப்பாக்கிக் குண்டு என்று பேர் வந்தது 1932-ல். பிற்பாடு மின்னல், இடிப்பறவை, எரிகல் என்று அர்த்தப்படுகிற ஆங்கிலப் பேர்களில் எத்தனையோ மாடல்கள். நிம்பஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று காகிதத்தில் பறக்கிறது, மற்றொன்று எண்ணூர் ரோட்டில் ஓடுகிறது.

இப்போது என் அறிக்கை. 2003-ல் எனக்கு இருபத்திரண்டு வயது. இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம். பட்டறையில் நாள் கூலி வேலை. காலை முதல் சாயங்காலம் வரைக்கும் "டேய்" தான் என் பேர். ஒரு செகண்ட் ஹேண்ட் புல்லட் விலைக்கு வந்தது. "வேணாம்பா, இரும்புக்காவ தங்கத்த வைக்காத" என்று அம்மா சொன்னார்கள். அவர்களோடு நான்கு நாள் பேசாமல் இருந்து, அவர்களுடைய ரெண்டு சவரன் சங்கிலியை வாங்கி அடகு வைத்தேன். வண்டி வந்த அன்றே தெருவில் எனக்கு மரியாதை வந்தது. "யார்ரா அது?" என்றால் "புல்லட்டுக்காரன்" என்பார்கள். என் பேரை யாரும் கேட்கவில்லை, வண்டியின் பேரே எனக்குப் போதுமாயிருந்தது.

பெட்ரோல் டேங்கின்மேல் ஒரு வசன ஸ்டிக்கர் ஒட்டினேன். அதை ஒட்டின பிறகு ஹெல்மெட் எதற்கு? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஹெல்மெட் விதி இருந்தது. நானோ "வசனம் இருக்கு, கர்த்தர் பாத்துக்குவார்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்தேன்.

ஒரு ராத்திரி, என் சிநேகிதனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எண்ணூர் பக்கம் போய்த் திரும்பினேன். "மெதுவா போடா" என்று அவன் சொல்லச் சொல்ல இன்னும் முறுக்கினேன். கடல் மணல் படிந்த வளைவு. வண்டி சறுக்கியது. வண்டியின்மேல் குற்றமில்லை, ரோட்டின்மேலும் குற்றமில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது. எனக்குக் கையில் சிராய்ப்பு. அவனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசுவாசிகளே, இதுவரை சபையில் நான் சொல்லாத ஒன்று உண்டு. விழுந்து எழுந்தவுடன் நான் முதலாவது எதைத் தேடினேன் தெரியுமா? வண்டியை. டேங்க் நசுங்கியிருக்கிறதா, ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவன் அழுகிற சத்தம் என் காதில் விழுந்தது.

மந்திரம் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கும்போதுதான் புரிந்தது. ஒரு வார்த்தையைச் சொன்னால், ஒரு பேரை ஒட்டினால், வல்லமை எனக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நினைப்பது மந்திரம். ஜெபம் அதற்கு நேர் எதிர், அங்கே கீழ்ப்படிய வேண்டியது நான். அப்படியானால் எபேசு ஜனங்கள் எரித்தது ஒருபக்கம் இருக்கட்டும், என் டேங்கின்மேல் நான் ஒட்டினது என்ன? வசனத்தையே தாயத்தாக்கினேன். சூனியக்காரன் புத்தகத்தில் இல்லை, சீட்டின்மேல் உட்கார்ந்திருந்தான்.

பிசாசு நம் ஆண்டவரைத் தேவாலயத்து உச்சிக்குக் கொண்டுபோனதை நினைத்துப் பாருங்கள். குதிக்கச் சொன்னான். விழமாட்டீர், தூதர்கள் தாங்கிக்கொள்ளுவார்கள் என்றான். பறந்து காட்டும்படி அல்லவா கேட்டான்! அதற்கு அவன் பயன்படுத்தினது மந்திர வார்த்தையை அல்ல, வேதவசனத்தையே. ஆண்டவர் குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்க மாட்டேன் என்று மறுத்தார். நான் ஒவ்வொரு ராத்திரியும் குதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையில் ஒரு இடம் எனக்குப் பிடித்தது. நிம்பஸ் உடைந்துபோன பிறகு ஹாரிக்கு ஒரு ஃபயர்போல்ட் வருகிறது. அனுப்பினவர் பேர் இல்லை. அவனுடைய சிநேகிதி பயந்து ஆசிரியையிடம் சொல்லிவிடுகிறாள். ஆசிரியை அதை வாங்கிக்கொண்டு, உள்ளே சாபம் ஏதாவது இருக்கிறதா என்று சோதிக்கக் கொடுக்கிறார். பையன்கள் அந்தப் பெண்ணோடு பேசுவதில்லை. கடைசியில் துடைப்பத்தில் குற்றமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் சோதித்தது சரிதானே? என் வீட்டிலும் அப்படிச் சொல்ல ஒருத்தி இருந்தாள், என் அம்மா. நான் பேசாமல் இருந்தது அவர்களோடுதான்.

அப்படியானால் பேர் வைத்த வாகனமே தீட்டா? இல்லை. பவுல் மெலித்தா தீவிலிருந்து ஏறின கப்பலுக்கு மிதுனம் என்கிற அடையாளம் இருந்தது. அது கிரேக்க மாலுமிகள் கும்பிட்ட இரட்டைத் தேவர்களின் அடையாளம். பவுல் ஏறமாட்டேன் என்று சொன்னதாக எழுதப்படவில்லை. அதற்கு முன் உடைந்துபோன கப்பலின் பேரோ எழுதப்படவே இல்லை. அதிலிருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள், சிலர் பலகைத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு. காசிமேட்டுக் கடலுக்குப் போகிற நம் சகோதரர்களுக்கு இது நன்றாய்ப் புரியும். படகின் முகப்பில் எந்தப் பேர் எழுதினாலும், ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஏறத்தான் செய்யும்.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், எரிக்கவில்லை. அவன் பயந்துகொண்டே கேட்டான்: "பாஸ்டர், அப்ப வண்டி வாங்கவே கூடாதா?"

"பதினெட்டு வயசாகட்டும், லைசென்ஸ் எடு, ஹெல்மெட் போடு, உன் சம்பாத்தியத்துல வாங்கு. அம்மா கழுத்துல இருக்கறத தொடாத. ஆனா வாங்கினதும் அதுக்கு எசேக்கியா ராஜா வச்ச பேர வை" என்றேன்.

மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபங்காட்ட ஆரம்பித்தபோது, எசேக்கியா அதை உடைத்து நிகுஸ்தான் என்று பேரிட்டான். வெறும் வெண்கலம் என்கிற அர்த்தம் அதற்குச் சொல்லுகிறார்கள். ஒரு காலத்தில் தேவனே செய்யச் சொன்ன பொருள்தான். ஆனாலும் அது நெஞ்சில் ஏறினபோது அதன் உண்மையான பேரைச் சொல்லி இறக்கிவைத்தான்.

இன்றைக்கு நான் ஓட்டுவது ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். ஆராதனைக்கு என் சிநேகிதனை அதில்தான் ஏற்றிக்கொண்டு வருகிறேன், ஊன்றுகோலை அவன் மடியில் வைத்துக்கொள்ளுவான். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் உண்டு. இதை எழுத அவனிடம் அனுமதி கேட்டேன். "எழுது பாஸ்டரு. நீ வண்டியத்தான் மொதல்ல பாத்தன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான். இருபது வருஷத்துக்கு மேலாக அதைத் தெரிந்துகொண்டே என்னோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். மன்னிப்பு என்றால் என்ன என்று எந்தக் கல்லூரியும் எனக்கு அப்படிக் கற்றுக்கொடுக்கவில்லை.

தேவபிள்ளையே, உன் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார். இரண்டு பக்கத்தையும் பார். பிறகு உன் சொந்த நோட்டையும் திற. எந்தப் பேரைச் சொன்னால் உன் நெஞ்சு நிமிருகிறது? அது வண்டியா, வீடா, பதவியா, ஒருவேளை ஊழியமா? அதற்கு நிகுஸ்தான் என்று பேரிடு. நம்மைப் பேர் சொல்லி அழைக்கிற மேய்ப்பன் ஒருவர் இருக்கிறார். அவர் எந்த வண்டியில் வந்தாய் என்று கேட்கமாட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த உன் சகோதரன் எங்கே என்றே கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்