தொழுகையின் சலுகைகள்

சுபுஹு முதல் இஷா வரை ஐந்து வேளைகளில் 17 ரக்அத்துகளை (தொழுகைச் சுற்றுகளை) நாள்தோறும் கடமையாக்கிய இஸ்லாமிய மார்க்கம், மனித தேகத்தின் பலவீனத்தை மறந்துவிட்டு அவ்விதியை வகுக்கவில்லை என்பது, அதன் சலுகைகளை ஊன்றி நோக்குவார்க்கு எளிதில் புலனாகும். தொழுகைக்குமுன் முகம், கைகால் கழுவும் ஒளுச் செய்ய நீர் கிடையாத இடத்திலும், நீர் பட்டால் நோய் மிகும் என்ற நிலையிலும், சுத்தமான மண்ணில் உள்ளங்கைகளைப் பதித்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்மும் போதுமானது. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அமரவும் இயலாதவர் படுத்தபடியே தலையசைவினால் குனிதலாகிய ருகூவையும் சிரம்பணிதலாகிய சுஜூதையும் நிறைவேற்றலாம். அப்போதும் சுஜூதின் சைகை, ருகூவின் சைகையைவிடச் சற்றே தாழ்ந்திருத்தல் வேண்டும் என்று சட்ட நூலார் வகுத்திருக்கும் நுட்பம்தான் எத்துணை அழகு! பிரயாணிக்கோ லுஹர், அஸர், இஷா என்னும் நான்கு ரக்அத்துத் தொழுகைகள் இரண்டிரண்டாகச் சுருங்குகின்றன. மஃரிபின் மூன்றும் சுபுஹின் இரண்டும் குறைவதில்லை. இவ்வளவு தெளிவாக விதி இருக்கவும், முழங்கால் நோவினால் வருந்தும் முதியவர் வரிசையின் ஓரத்தில் நாற்காலியிட்டுத் தொழுவதைக் கண்டு முகம் சுளிப்பாரும் நம்மிடையே உளர். அன்னார், ஊர்ப் பள்ளிவாசல் ஆலிமிடம் இச்சட்டத்தை ஒருமுறை கேட்டறிவார்களாக.